நெடுக்கே வெட்டிய துணி

அத்தியாயம் 14

கொள்ளு வெடிக்கத் தொடங்கியிருந்தது. வாசம் முன்னறை வரைக்கும் போய்விட்டது.

"எறக்கீரட்டுங்ளாக்கா? இதுக்கு மேல உட்டாக் கருகீரும்."

"சித்தெ இரு. இன்னும் அரை நிமிசம் ஓடட்டும். வறுக்கறது நீளமா இருந்தாத்தான் நான் பேசறக்கு எடம் கெடைக்கும்" என்றாள் சித்ரகலா.

அடுப்புக்கு மேலே ஒரு கம்பியில் கைபேசி தொங்கியது. அதற்குள் தெரிவது சட்டியும் இரண்டு கைகளும் மட்டும். கைகள் அன்புசெல்வியுடையவை. அவள் தீயைக் குறைத்துவிட்டுக் கிளறினாள். அடியில் கிடந்த கொஞ்சம் கொள்ளு கறுத்துவிட்டது. அதைக் கரண்டி நுனியால் படத்தில் விழாத ஓரத்துக்கு ஒதுக்கினாள்.

'சித்ரா ஊட்டுக் குறிப்பு' என்ற சேனல் இரண்டு வருடமாக இப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. கொள்ளுப் பொடி, சந்தகை, ஆரஞ்சுத் தோலில் பாத்திரம் விளக்கும் பொடி, பனியன் துணியில் மிதியடி. செய்யும் கைகள் அன்புசெல்வியுடையவை. படம் பிடித்து வெட்டி ஒட்டுவது சித்ரகலாவின் மகள் ஜனனி. கல்லூரியில் இரண்டாம் வருடம். பேசுவது சித்ரகலா.

அவள் நன்றாகவே பேசுவாள். பக்கத்து வீட்டுப் பெண் மதில் மேல் கை ஊன்றிச் சொல்வதைப் போல இருக்கும். அந்தக் குரலுக்காகவே பார்க்கிறவர்கள் உண்டு. ஆனால் கொள்ளை எப்போது இறக்குவது என்று அந்தக் குரலுக்குத் தானாகத் தெரியாது.

சுரேஷ் உயிரோடு இருந்தவரை அன்புசெல்வி இந்த வீட்டின் இளைய மருமகள். அவிநாசிபாளையம் ரோட்டில் லாரி மோதி அவன் போன பிறகு அவள் என்னவென்று யாரும் சொல்லவில்லை. சுரேஷின் அண்ணன், சித்ரகலாவின் கணவர் இளங்கோ, "இங்கயே இரும்மா" என்றார். இருந்தாள். குழந்தை இல்லை. குண்டடத்தில் பிறந்த வீட்டில் அவள் படுத்திருந்த அறையில் தம்பி பெண்டாட்டி தையல் மெஷின் போட்டுவிட்டாள்.

போன மாதம் பேப்பரில் ஒரு விளம்பரம் வந்தது. தாராபுரத்தில் ஓர் அறக்கட்டளை, பெண்களுக்கு வீட்டுச் சமையலும் கைவேலையும் சொல்லித் தர ஒருவரைத் தேடியது. தங்கிக்கொள்ள ஓர் அறை, அதை ஒட்டிச் சின்ன சமையல்கட்டு. அன்புசெல்வி அந்த விளம்பரத்தை நான்கு முறை படித்தாள்.

"மாமா, அந்தப் பாரம் ஒண்ணு வாங்கிட்டு வர்றீங்ளா?" என்று இளங்கோவிடம் கேட்டவள் அவள்தான். வாங்கி வந்தார். நிரப்பியது சித்ரகலா, தன் பெயரில். "அனுபவம்னு போட்டிருக்கற எடத்துல நீ என்னத்த எழுதுவ? சேனல் என்ற பேர்லதான இருக்குது" என்றாள். புதன்கிழமை வந்த கடிதத்தில் சித்ரகலாவின் பெயர் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பல்லடம் ரோட்டுக் கல்யாண மண்டபத்தில் மகளிர் கண்காட்சி. அங்கே மேடையில் ஒரு கைவேலை செய்து காட்ட வேண்டும்.

இன்று அந்த ஞாயிற்றுக்கிழமை.

*

"ஜனனி, இந்தக் கையில ஒரு கட்டுப் போட்டு உடு."

"ஏம்மா? என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகல. எண்ணெய் தெறிச்சுருச்சுன்னு சொல்லிக்கறேன். நான் பேசறேன், அன்பு பக்கத்துல நின்னு செய்யட்டும்."

ஜனனி கைபேசியிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "என்னால முடியாதும்மா. பொய்யிக்கெல்லாம் கட்டுப் போடறக்கு எனக்கு வராது."

"காலேஜுக்கு அனுப்பிச்சா வாய் மட்டும் வளந்துருச்சு."

கடைசியில் துணியைச் சுற்றியது அன்புசெல்விதான். வலது மணிக்கட்டிலிருந்து விரல் வரைக்கும் இறுக்கமில்லாமல், அழகாகச் சுற்றினாள். எதைச் செய்தாலும் அவளுக்கு அழகாகத்தான் வரும்.

"மேல கொஞ்சம் மஞ்சளைக் கொழச்சுத் தடவு" என்றாள் சித்ரகலா. "வெள்ளை வெளேர்னு இருந்தா ஆரு நம்புவாங்க?"

அன்புசெல்வி மஞ்சளைக் குழைத்தாள். தடவிக்கொண்டே, "அக்கா, ஒண்ணு கேக்கட்டுங்ளா?" என்றாள்.

"கேளு."

"மைக்குல என்ற பேரைச் சொல்லிருவீங்ளா? கொழுந்தன் பொண்டாட்டி, அன்புசெல்வின்னு. வேற ஒண்ணும் வேண்டாங்க்கா."

"அட, இதென்ன பெரிய விசயமா? சொல்லீர்றேன் போ."

வாசலில் ஆட்டோ வந்து ஒலி எழுப்பியது.

*

மண்டபத்தின் இரண்டு பக்கமும் மேசைகள். சீயக்காய்த் தூள், சிறுதானிய முறுக்கு, ஒயர்க் கூடை. கம்பெனிகளுக்கு விடுமுறை என்பதால் கூட்டம் நிரம்பியிருந்தது. முன்னூறு பெண்கள் இருக்கலாம். பெரும்பாலோர் பனியன் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள். உள்ளூர்ப் பெண்கள், திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து விடுதிகளில் தங்கியிருக்கிற பெண்கள், கடைசி வரிசையில் ஒடிசாப் பெண்கள் கொஞ்சம் பேர்.

மேடைக்குக் கீழே தனி நாற்காலியில் சாரதாமணி அமர்ந்திருந்தார். அறக்கட்டளையின் சார்பாகத் தேர்வு செய்பவர். கண்ணாடியை மூக்கு நுனியில் விட்டுக்கொண்டு ஒரு நோட்டை மடியில் வைத்திருந்தார். சித்ரகலாவின் கைக்கட்டைப் பார்த்ததும், "அடடா, எப்படிம்மா ஆச்சு?" என்று கேட்டார்.

"காலைல கொள்ளு வறுக்கறப்பங்க மேடம். எண்ணெய் பட்டுருச்சு."

கொள்ளை எண்ணெய் விட்டு வறுப்பதில்லை. சாரதாமணி கட்டை இன்னொரு முறை பார்த்துவிட்டு நோட்டைத் திறந்தார்.

மேசை மேல் ஜனனி கைபேசியைப் பொருத்தினாள். அதிலிருந்து மேடைத் திரைக்கு இணைப்புக் கொடுத்தார்கள். அன்புசெல்வி துணியை விரித்தாள். நீல நிறப் பனியன் துணி. பனியன் கம்பெனியில் கட்டிங் பார்க்கும் இளங்கோ, வெட்டியதில் மிச்சப்பட்டதென்று கொண்டுவந்தது. அவள் எப்போதும் செய்வதைப் போல இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தாள். ஒரு பக்கம் இழுத்தால் ரப்பராக நீண்டது. மறுபக்கம் இழுத்தால் கொஞ்சமே அசைந்தது. நீளுகிற பக்கத்தைக் 'குறுக்கு' என்பார்கள், நீளாத பக்கம் 'நெடுக்கு'. குறுக்கே, அந்தப் போக்கில் பட்டை வெட்டி இழுத்தால், தானாகச் சுருண்டு கயிறு போல ஆகிவிடும். அதைச் சடை போலப் பின்னி வட்டமாகச் சுற்றித் தைத்தால் மிதியடி.

அப்போது சித்ரகலா மைக்கைப் பிடித்திருந்தாள். எல்லோருடைய கண்ணும் அவள் மேல் இருந்தது.

"வணக்கமுங்க. நானெல்லாம் கம்பெனிப் பக்கமே போனதில்லீங்க. ஊட்டுல இருந்தே சாதிக்கலாம்னு காட்டறக்குத்தான் இந்தச் சேனலே ஆரம்பிச்சேன்."

முன்வரிசையில் இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தையலுக்குப் போகிற பெண்கள்.

"கையில அடிபட்டுருச்சு. அதனால இன்னைக்கு இந்தப் புள்ள செஞ்சு காட்டும். நம்மூட்டுல இருக்கற புள்ளைங்க. ஒத்தாசைக்கு."

அன்புசெல்வி காத்திருந்தாள். பெயர் வரும் என்று நினைத்தாள். சித்ரகலா தண்ணீர் குடித்தாள். பிறகு, "சரி, ஆரம்பிச்சரலாமுங்ளா?" என்றாள்.

துணியின் மேல் அன்புசெல்வியின் கைகள் சும்மா இருந்தன. கத்தரிக்கோலை எடுத்தாள். திரும்பக் கீழே வைத்தாள். துணியின் இரண்டு முனைகளைப் பிடித்து அதைக் கால்வட்டம் திருப்பிப் போட்டாள். பிறகு கத்தரிக்கோலை எடுத்து வெட்டத் தொடங்கினாள்.

அவசரமில்லாமல், நேராக, ஒரே அகலத்தில், நெடுக்கே.

"பாருங்க, ஓரம் எவ்வளவு நேரா வருதுன்னு" என்றாள் சித்ரகலா. "இப்ப இந்தப் பட்டையப் புடிச்சு ஒரு இழுப்பு இழுத்தாப் போதும், பாம்பாட்டஞ் சுருண்டுக்கும். இழு கண்ணு."

அன்புசெல்வி இழுத்தாள். பட்டை தட்டையாகவே நின்றது.

"நல்லா இழு."

இழுத்தாள். ஓரம் மட்டும் லேசாக மடங்கியது. பெரிய திரையில் அது நன்றாகத் தெரிந்தது.

நடு வரிசையிலிருந்து ஒரு திருநெல்வேலிக் குரல், "ஏ யம்மா, நெட்டுவாக்குல வெட்டிட்டு இழுக்காவ பாரு! அது எந்தக் காலத்துல சுருள?" என்றது. சிரிப்பு பரவியது. கடைசி வரிசையில் ஒருத்தி, "உல்டா, உல்டா!" என்று கையைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். ஒவ்வொரு நாளும் அந்தத் துணியோடு புழங்குகிறவர்கள். அவர்களுக்கு இது வாழையிலையைத் திருப்பிப் போட்டுச் சோறு பரிமாறியதைப் போல.

சித்ரகலாவுக்கு எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியவில்லை. மிதியடி வீடியோ எடுத்தபோது பட்டைகள் முன்பே வெட்டிவைக்கப்பட்டிருந்தன. அவள் பார்த்தது பின்னுவதை மட்டும். "துணி கொஞ்சம் பழசுங்க, அதனால..." என்றாள். சிரிப்பு இன்னும் பெரிதானது.

சாரதாமணி எழுந்தார். மண்டபம் அடங்கியது.

"சித்ரகலா, துணியில எந்தத் தப்பும் இல்ல. வெட்டுனதுதான் தப்பு. எப்படி வெட்டியிருக்கணும்? நீங்க சொல்லுங்க."

"அது வந்துங்க மேடம்... இன்னும் கொஞ்சம் சன்னமா வெட்டியிருக்கோணும்."

யாரும் சிரிக்கவில்லை. அது சிரிப்பைவிட மோசமாக இருந்தது. சித்ரகலா சட்டென்று அன்புசெல்வியின் பக்கம் திரும்பினாள்.

"இவ செஞ்ச வேலைங்க மேடம் இது. பாவம், இவளுக்கு ஒண்ணுந் தெரியாது. நான் சொன்னதை மாத்திச் செஞ்சுட்டா."

சாரதாமணி மேடையின் விளிம்புக்கே வந்துவிட்டார். சித்ரகலாவிடமிருந்து மைக்கை வாங்கி அன்புசெல்வியின் பக்கம் நீட்டினார்.

"நீ சொல்லும்மா. இதை எப்படி வெட்டணும்னு உனக்குத் தெரியுமா?"

தெரியும் என்றால், பிறகு எதற்கு இப்படி வெட்டினாய் என்ற கேள்வி வரும். அன்புசெல்வி சித்ரகலாவின் கட்டுப்போட்ட கையைப் பார்த்தாள். மஞ்சள் காய்ந்து விளிம்பில் வெடித்திருந்தது. இரண்டு வருடமாக அந்த வீட்டில் எதைக் கேட்டாலும் முதலில் வருகிற வார்த்தை வந்துவிட்டது.

"தெரியாதுங்க."

"உன் பேர் என்னம்மா?"

"அன்புசெல்விங்க."

மைக் அந்தப் பெயரை மண்டபம் முழுக்கக் கொண்டுபோனது. சாரதாமணி நோட்டில் ஏதோ எழுதினார்.

*

ஆட்டோவில் சித்ரகலா வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். வீடு நெருங்கியபோதுதான் வாயைத் திறந்தாள்.

"முன்னூறு பேருக்கு முன்னால என்ற மானத்தை வாங்கீட்ட. சோறு போட்ட ஊட்டுக்கு நல்லாச் செஞ்ச."

ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டார். ஜனனி இருவருக்கும் நடுவில் கைபேசியை மடியில் கவிழ்த்து வைத்து உட்கார்ந்திருந்தாள்.

பொழுது சாய்ந்ததும் இளங்கோ சாப்பிட உட்கார்ந்தார். சோற்றில் காலையில் அரைத்த கொள்ளுப் பொடியும் நல்லெண்ணெயும். ஒரு வாய் வைத்ததும், "பொடி கொஞ்சம் கசக்குதே" என்றார். சித்ரகலா கட்டை அவிழ்த்துவிட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்து வலது கையால் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கட்டுத்துணி வாஷ்பேசின் மேல் கிடந்தது.

நடந்ததை அவள் முழுதும் சொன்னாள். திருநெல்வேலிக்காரி சிரித்தது, மேடம் கேட்டது, அன்பு முழித்தது.

இளங்கோ பிசைவதை நிறுத்தினார்.

"நெடுக்க வெட்டுனாளா?"

"ஆமாங்க. நெடுக்கவோ குறுக்கவோ, எனக்கென்ன தெரியும்?"

"உனக்குத் தெரியாது. அவ என்ற கட்டிங் டேபிள்ல ஆறு வருசம் துணி விரிச்சவ. அவ வேலையப் பாத்துட்டுத்தான சுரேசுக்கே கேட்டேன்." அவர் அன்புசெல்வியைப் பார்க்காமல் சோற்றைப் பார்த்துச் சொன்னார். "தூக்கத்துல வெட்டுனாலும் அவ கை நெடுக்கப் போகாது."

சித்ரகலா மெதுவாக நிமிர்ந்தாள். "அப்ப வேணும்னேதான் பண்ணுனயா?"

அன்புசெல்வி ரசக் கிண்ணத்தோடு நின்றாள்.

"கேக்கறனல்ல? உன்ற வாயால சொல்லு. வேணும்னு பண்ணியிருந்தீன்னா நாளைக்கே உன்ற தம்பிக்கு போன் போடறேன். வந்து கூட்டிட்டுப் போகட்டும். இந்த ஊட்டுல ஒரு நிமிசம் இருக்கப்படாது."

"அம்மா, அது நாந்தான்" என்றாள் ஜனனி. "மேசை குறுகலா இருந்துச்சு. கேமராவுக்கு வாட்டமா துணியைத் திருப்பிப் போடச் சொன்னேன். சித்தி அந்தக் கூட்டத்துல பதறிப்போயி அப்பிடியே வெட்டீட்டாங்க."

சித்ரகலா மகளையே பார்த்தாள். பாதி நம்பியது போலிருந்தது.

"வீடியோ எடுத்தயல்ல? என்ற போனுக்கு அனுப்பு. நானே பாத்துக்கறேன்."

"கொஞ்சம் வேலை இருக்குது. முடிச்சுட்டு அனுப்பறேன்."

"இப்பவே."

*

பின்பக்கம் துணி துவைக்கிற கல்லருகே அன்புசெல்வி பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். ஆரஞ்சுத் தோல் பொடி. இந்தப் பொடிக்கு வந்த பாராட்டுகளைச் சித்ரகலா ஒருநாள் சத்தமாகப் படித்துக் காட்டியிருக்கிறாள். ஜனனி வந்து பக்கத்தில் குந்தினாள்.

"சித்தி, கையைத் தொடச்சுட்டு இதைப் பாருங்க."

திரையில் நீலத் துணி. இரண்டு கைகள் அதைக் குறுக்கே இழுத்தன. நெடுக்கே இழுத்தன. பின்னால் சித்ரகலாவின் குரல், 'நம்மூட்டுல இருக்கற புள்ளைங்க, ஒத்தாசைக்கு' என்றது. கைகள் நின்றன. கத்தரிக்கோலை எடுத்தன, வைத்தன. துணியைத் திருப்பிப் போட்டன.

"சீக்கிரமாவே ரெக்கார்ட் ஓட உட்டுட்டேன்" என்றாள் ஜனனி. "மண்டபத்துல அந்நேரம் ஆரும் திரையைப் பாக்கல. ஆனா இதுல எல்லாம் இருக்குது."

அன்புசெல்வி தன் கைகளையே பார்த்தாள். மற்றவர்களுடையதைப் பார்ப்பது போல.

"இன்னொண்ணு. சாரதாமணி மேடம் மெசேஜ் போட்டிருக்காங்க. இணைப்புக் குடுக்கறப்ப என்ற நம்பர் வாங்குனாங்க. 'ஆரம்பத்துலேருந்து முழு வீடியோவும் வேணும், அந்தப் பொண்ணு வெட்டுன கோடு தெரியாதவ வெட்டுன மாதிரி இல்ல'ன்னு எழுதியிருக்காங்க."

உள்ளேயிருந்து, "ஜனனி! அனுப்பீட்டயா?" என்று குரல் வந்தது.

ஜனனி குரலைத் தாழ்த்தினாள். "நான் யோசிச்சுட்டேன் சித்தி. அம்மாவுக்கு மொதல்லேருந்து துணியைத் திருப்பிப் போடற வரைக்கும் இருக்கறதை எடுத்துட்டு அனுப்பறேன். நான் சொன்னது நெசம்னே நெனச்சுக்குவாங்க. மேடத்துக்கு முழுசா அனுப்பறேன். உங்களுக்குத் தெரியும்னு அவங்களுக்குப் புரியும். ஆருக்கும் ஒண்ணும் ஆகாது."

நல்ல யோசனைதான். அன்புசெல்வி ஒரு தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"எதையும் எடுக்க வேண்டாங் கண்ணு. ரெண்டு பேத்துக்கும் ஒரே மாதிரி அனுப்பு."

"சித்தி! அம்மா உங்களை நாளைக்கே அனுப்பீருவாங்க."

"தெரியும்."

"மேடம் மட்டும்? வேணும்னு கெடுத்தவங்களுக்கு வேலை குடுப்பாங்களா?"

"குடுக்காமயும் போலாம்."

"அப்பறம் எதுக்கு?"

அன்புசெல்வி கையை முந்தானையில் துடைத்தாள். கல்லின் ஓரத்தில் மண்டபத்திலிருந்து திரும்பி வந்த பை இருந்தது. மிச்சத் துணியை எடுத்து, இழுத்துப் பார்த்து, குறுக்கே ஒரு பட்டை வெட்டினாள். இரண்டு கையாலும் ஒரே இழுப்பு. அது தானாகச் சுருண்டு கயிறாகிப்போனது.

"அத்தன பேருக்கு முன்னால தெரியாதுன்னு சொல்லீட்டு வந்துட்டேன். என்ற பேரோட" என்றாள். "மத்தது எப்பிடியோ போகட்டும். அது மட்டும் அப்பிடியே நிக்கக் கூடாது."

ஜனனி அவளைப் பார்த்தாள். பிறகு கைபேசியைப் பார்த்தாள். கட்டைவிரல் இரண்டு முறை திரையைத் தொட்டது.

அன்புசெல்வி அடுத்த பட்டையை வெட்டிக்கொண்டிருந்தபோது, முன்னறையில் சித்ரகலாவின் போனில் மணி அடித்தது. வீடியோ ஓடத் தொடங்கிய சத்தம் பின்பக்கம் வரை கேட்டது. "வணக்கமுங்க. நானெல்லாம் கம்பெனிப் பக்கமே போனதில்லீங்க..."

பிறகு, 'சரி, ஆரம்பிச்சரலாமுங்ளா?' என்றதற்குச் சற்றுப் பின்னே, துணி திரும்புகிற இடத்தில் வீடியோ நின்றது. யாரோ அதை முதலிலிருந்து மறுபடி ஓடவிட்டார்கள்.